சாகா வரம்

மலேசியாவில் மனிதன் சாவது சுலபம். மருத்துவமனையிலோ போலீஸ் நிலையத்திலோ ஒரு தாள் எழுதித் தருவார்கள். பதிவு இலாகா அதைப் பார்த்துவிட்டு இன்னொரு தாள் தரும். பதினாறாம் நாள் வடை பாயசத்தோடு விஷயம் முடிந்துவிடும். காடி சாவதுதான் கஷ்டம். இஞ்சின் நின்று, நான்கு டயரும் தரையோடு தரையாகி, பானெட்டுக்குள் பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் வளர்ந்து அதே இடத்தில் குட்டி போட்ட பிறகும், சாலைப் போக்குவரத்து இலாகாவின் கணினியில் அது உயிரோடுதான் இருக்கும். இந்த நாட்டின் மக்கள்தொகை 3 கோடியே 40 லட்சத்துக்குப் பக்கம். பதிவான வாகனங்களோ 3 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். கைக்குழந்தைக்கும் ஒன்று கொடுத்துவிட்டு மிச்சம் வைத்திருக்கிறோமே என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். அந்தக் கணக்கில் என் வீட்டு வாசலில் நிற்கும் புரோட்டோன் சாகாவும் ஒன்று.

எங்கள் தாமான் ஈப்போவில், புந்தோங் பக்கம். வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காடி நிற்கிற அளவுக்குப் போர்ச். ஒரு குடும்பத்துக்கு ஒரு காடி போதும் என்று கட்டியவர் நம்பியிருக்கிறார், நல்ல மனிதர். இன்று வீட்டில் எத்தனை லைசென்ஸோ அத்தனை காடி. போர்ச்சில் யாருக்கு இடம் என்பது குடும்ப அரசியல். எங்கள் வீட்டில் அதை என் மனைவி ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்தாள்: "ஓடறது உள்ள நிக்கட்டும், ஓடாதது வெளிய நிக்கட்டும்." மைவி உள்ளே போயிற்று, சாகா வெளியே வந்தது. இந்த விதி காடிகளுக்கு மட்டும்தானா என்று நான் விளக்கம் கேட்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிராணிக்கு எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது தெரியும்.

கேட்டுக்கு உள்ளே இருந்தவரை அது என் சொந்தக் குப்பை. பத்தடி தள்ளி வெளியே வந்ததும் அது அரசாங்க விவகாரம் ஆகிவிட்டது. சாலையும் சாலையோரமும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் என்று ஒன்று உண்டு. அமலாக்க அதிகாரிகள் செல்லமாக 'ஆக்தா 133' என்பார்கள். அதன் 46-ஆம் பிரிவு, பொது இடத்தில் வழி அடைத்து எதை வைத்தாலும் குற்றம் என்கிறது. முதல் தடவை 500 வெள்ளி வரை அபராதம், மறுபடியும் செய்தால் 1,000 வரை. அந்தப் பிரிவின் அழகு, அது ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை என்பது. ஐந்தடிப் பாதையில் பூச்சட்டி வைத்தவரும், தன் வீட்டு முன்னால் வேறு யாரும் நிறுத்தக்கூடாது என்று பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இடம் பிடித்தவரும் அதற்குள்தான் வருகிறார்கள். எங்கள் லோரோங்கில் அந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் அமல்படுத்தினால் ஒரு நாற்காலிகூட மிஞ்சாது. பிறகு கல்யாண வீட்டுக்கு எங்கே போய் இரவல் வாங்குவது?

அடுத்தது 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், ஆக்தா 333. இது இலாகாவின் ஆயுதம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு மன்றமும் தன் நடைமுறையை வைத்திருக்கிறது. யாராவது புகார் கொடுப்பார். அதிகாரி வந்து பார்ப்பார், படம் பிடிப்பார். கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவார். பதிவெண்ணை இலாகாவுக்கு அனுப்பி உரிமையாளர் யார் என்று கேட்பார்கள். திருட்டுக் காடியா என்று போலீசிடம் கேட்பார்கள். கெடு முடிந்தால் இழுவை லோரி வரும். கிடங்கில் கொண்டுபோய் வைப்பார்கள். உரிமையாளர் வந்தால் அபராதம், இழுவைக் கூலி, கிடங்கு வாடகை எல்லாம் கட்டிவிட்டு மீட்டுக்கொள்ளலாம். வராவிட்டால் அறிவிப்பு, ஏலம் அல்லது பழைய இரும்பு. நாள் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பேராக்கில் மட்டும் 15 ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் நான் எப்படி இவ்வளவு விவரமாகப் படித்தேன் என்று நீங்கள் வியக்கலாம். சட்டத்தை வக்கீலைவிடக் கவனமாகப் படிக்கிறவன் அதற்குப் பயந்தவன்தான்.

படித்ததில் ஒரு பெரிய ஓட்டையையும் கண்டுபிடித்தேன். கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று முடிவு செய்ய அதிகாரிக்குக் கண்ணில் படுகிற அடையாளங்கள் தேவை. டயரில் காற்று இல்லை, கண்ணாடியில் தூசி, அடியில் லாலாங் புல், முன்கண்ணாடியில் காலாவதியான ரோட்டேக்ஸ். நான்காவது அடையாளத்தை அரசாங்கமே எனக்காக நீக்கிக் கொடுத்தது. 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி முதல் தனியார் வாகனங்களில் ரோட்டேக்ஸ் வில்லையை ஒட்ட வேண்டியதில்லை, கைத்தொலைபேசியில் இருந்தால் போதும் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு நாடு முழுவதும் நேரம் மிச்சம் என்று மகிழ்ந்தது. நான் மட்டும் பிளேடும் மண்ணெண்ணெயும் எடுத்துப்போய், எந்த ஆண்டிலோ உயிர்விட்ட அந்த வில்லையைச் சுரண்டி எடுத்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆயிற்று. அதே கைத்தொலைபேசியில் அதிகாரியும் பதிவெண்ணைத் தட்டிப் பார்த்துவிட முடியும் என்பதை என் மகன்தான் சொன்னான். கொஞ்சம் தாமதமாகச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாவது சந்தோஷமாக இருந்திருப்பேன்.

மிச்சமிருந்த மூன்று அடையாளங்களோடு நான் நடத்திய போராட்டத்தை எங்கள் லோரோங் மறக்காது. சனிக்கிழமை காலையில் கால்பம்ப் வைத்து நான்கு டயருக்கும் காற்றடிப்பேன். ஞாயிறு மாலைக்குள் டயர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். புல்லை வெட்டுவேன், ஈப்போ மழைக்கு அது மறுவாரமே வந்து விசாரிக்கும். வாரம் ஒருமுறை காடியைக் கழுவித் துடைப்பேன். ஓடுகிற மைவியில் பறவை எச்சம் காய்ந்து கிடக்கும், ஓடாத சாகா மினுக்கும். எதிர்வீட்டு சீன அங்கிள் கையில் கோப்பி ஓவோடு நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். "அங்கிள், இந்தக் காடி எப்போ ஜாலான்?" என்பார். "நெக்ஸ்ட் மன்த்" என்பேன். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போவார். வருஷக்கணக்காக எங்கள் நட்பு இந்த ஒரே உரையாடலில் ஓடிக்கொண்டிருக்கிறது. காடியைவிட அதுதான் நன்றாக ஓடுகிறது.

நிற்கிற இடம் மாறாமல் இருப்பதும் ஆபத்து என்று யாரோ சொன்னார்கள். அதனால் இரவில், சீரியல் முடிந்து தெரு அடங்கிய பிறகு, மகனும் நானுமாகத் தள்ளி இரண்டடி முன்னே நகர்த்துவோம். அடுத்த மாதம் இரண்டடி பின்னே. ஒருமுறை நாங்கள் தள்ளிக்கொண்டிருந்தபோது ரோந்து போலீஸ் வந்து டார்ச் அடித்தது. அதிகாரி இறங்கி வந்து காடியைச் சுற்றிப் பார்த்தார். திருடுகிறோமோ என்று நினைத்தவர், நெருங்கி வந்து பார்த்ததும் அந்த எண்ணத்தையே கைவிட்டார். "பாக்சிக், பத்திரம், இடுப்பு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜையைச் சொல்லாமல் விடக்கூடாது. மைவிக்கு ஒரு மாலை, சாகாவுக்கு ஒரு மாலை. சந்தனம், குங்குமம், விபூதிப் பட்டை. பூஜைக்குப் பிறகு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டுமல்லவா? மைவி ஒரே அழுத்தில் நான்கையும் முடித்துவிட்டது. சாகாவைத் தள்ளத் தெருப் பையன்கள் வந்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தம் பிடித்துத் தள்ளினோம். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, டயர்தான் நசுங்கியது. பழத்தை எடுத்து என் மனைவி மத்தியானம் ஊறுகாய்க்கு நறுக்கிவிட்டாள். திருஷ்டி கழிந்ததா என்று கேட்டேன். "அதுக்கு யாருங்க கண்ணு வைக்கப் போறாங்க?" என்றாள்.

இவ்வளவு பாடு எதற்கு, எடைக்குப் போட்டுவிடலாமே என்பீர்கள். அங்கேதான் அப்பா வருகிறார்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டினார். பால் ஏற்றுகிற லோரி. துரைக்குக் காடி, கிராணிக்கு மோட்டார் சைக்கிள், மண்டோருக்கு சைக்கிள், மற்றவர்களுக்குக் கால்: தோட்டத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அவ்வளவுதான். 1985 ஜூலை 9-ஆம் தேதி கோலாலம்பூரில் புரோட்டோன் சாகாவை வெளியிட்டபோது அதை அப்பா கிளப்பு டிவியில் பார்த்தார். பினாங்குப் பாலம் திறந்தபோது பிரதமர் மகாதீர் ஒரு சிவப்பு சாகாவில் அதைக் கடந்து போனதையும் பார்த்தார். மிட்சுபிஷி லான்சரின் உடம்பில் நம் சின்னத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று மேல்தட்டில் கிண்டல் செய்தார்கள். லயத்தில் யாரும் கிண்டல் செய்யவில்லை. வெள்ளைக்காரனிடமோ ஜப்பான்காரனிடமோ கேட்காமல் நம்மாளும் காடி வாங்கலாம் போலிருக்கிறதே என்று பேசிக்கொண்டார்கள். 55 வயதில் ஈ.பி.எஃப். பணம் வந்தது. அம்மா சங்கிலி கேட்டாள். அப்பா, இரண்டாம் கையாக, 'A' என்று தொடங்கும் பேராக் எண்ணோடு, இந்த சாகாவை ஓட்டி வந்தார். அம்மா ஒரு வாரம் அதில் ஏறவில்லை. பிறகு ஏறினாள், இறங்கவே இல்லை. குனோங் சீரோ முருகன் கோவிலுக்கு, தைப்பூசத்துக்கு, கம்பாரில் அக்காவின் பிரசவத்துக்கு, கடைசியில் அப்பாவே ஆஸ்பத்திரிக்குப் போனதுவரை அதில்தான்.

தோட்டம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது. 1950-களிலிருந்தே தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்பது நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டுக்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பல தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றியது. எங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை. லயத்தைக் காலி செய்யச் சொல்லி வந்தது ஒரே ஒரு தாள். புகார் இல்லை, படம் பிடிக்கவில்லை, உரிமையாளர் யார் என்று யாரும் எந்த இலாகாவையும் கேட்கவில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்குக் கிடைக்காத நடைமுறை எல்லாம் இன்று ஒரு பழைய காடிக்குக் கிடைக்கிறதே என்று சில சமயம் தோன்றும். அந்த வகையில் சட்டம் முன்னேறியிருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பா இருந்தபோதே இதைக் கழிக்க ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 2009 மார்ச்சில் அரசாங்கம், பத்து வயதுக்கு மேற்பட்ட காடியை ஒப்படைத்துப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கினால் 5,000 வெள்ளி கழிவு என்று அறிவித்தது. நான் கணக்குப் போட்டுத் தாளை நீட்டினேன். அப்பா தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் நான்கு நம்பர் எழுதிக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் 15 வயது தாண்டிய காடிகளுக்கெல்லாம் கட்டாயப் பரிசோதனை வரப்போகிறது என்றார்கள். காப்பிக்கடைகளில் பெரிய கூச்சல். எதிர்ப்பு தாங்காமல் அடுத்த மாதமே கைவிட்டார்கள். 'பார்த்தியா' என்பது போல அப்பா என்னைப் பார்த்தார். அரசாங்கத்தையே பின்வாங்க வைத்த காடி என்ற மரியாதை அன்றிலிருந்து அதற்கு வந்துவிட்டது.

ஜப்பான்காரர்கள் இந்த விஷயத்தில் ஈவிரக்கம் இல்லாதவர்கள். காடி வாங்கப் போனால், நிறுத்த இடம் இருக்கிறதா, அத்தாட்சி காட்டு என்கிறார்கள். 1962-லிருந்து அது சட்டம். 2005-இலிருந்து காடி வாங்கும்போதே அதை உடைத்துப் பிரிக்கும் செலவையும் கட்டிவிட வேண்டும். கல்யாணத்தன்றே கருமாதிப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்கிற ஏற்பாடு. நமக்கு அது அபசகுனம். நாம் காடி வாங்கும்போது கோவிலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைப்போம். அதன் முடிவைப் பற்றி யோசிக்கமாட்டோம். தமிழ்நாட்டில் எந்தப் போலீஸ் நிலையத்துக்குப் போனாலும் வழக்கில் பிடிபட்ட வண்டிகள் மலையாகக் குவிந்து துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அங்கே சட்டமே வண்டியை வாசலில் வைத்துக்கொண்டு விழிக்கிறது. அந்தப் படத்தை ஒருநாள் என் மனைவியிடம் காட்டி ஆறுதல் தேடினேன். "அவங்களுக்கு இடம் இருக்கு" என்றாள்.

கடைசியில் என்னை அசைத்தது மன்றமும் அல்ல, இலாகாவும் அல்ல. கொசு. ஈப்போவில் மத்தியான மழை பெய்து ஓய்ந்தால் எதிலும் தண்ணீர் நிற்கும். சாகாவின் பூட்டில், ஸ்பேர் டயர் வைக்கிற பள்ளத்தில், அடைப்பான் போன ஓட்டைவழி தண்ணீர் இறங்கித் தேங்கியிருந்தது எனக்குத் தெரியாது. பூட்டைத் திறக்கிற சாவி தொலைந்து வெகுகாலம். டெங்கி பரிசோதனைக்கு வீடு வீடாக வந்த சுகாதார அதிகாரி, ஓர் இளம்பெண், சாவியைக் கேட்கவில்லை. கையால் ஒரு தட்டு தட்டினார், பூட்டு திறந்துகொண்டது. டார்ச் அடித்தார். "வந்து பாருங்க அங்கிள்" என்று சுத்தமான தமிழில் அழைத்தார். புழுக்கள் நெளிந்தன. நான் உயிரோடு வைத்திருக்கப் பாடுபட்ட காடியில் உயிர் இருந்தது அங்கே மட்டும்தான். 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் எனக்கு அன்றுதான் அறிமுகம். கம்பாவுண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, "தாத்தா காடியா? அழகா வச்சிருக்கீங்க" என்றார். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் பணம் வாங்கியதில்லை.

அந்த வாரமே தாமான் வாட்ஸப் குழுவில் என் காடியின் படம் வந்தது. யார் எடுத்தார், யாருடையது என்று ஒரு வார்த்தை இல்லை. 'இப்படிச் சிலர் இருக்கிறார்கள்' என்று மட்டும் கீழே. இருபது பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். பார்த்தும் பேசாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். 'நடவடிக்கை அவசியம்' என்று வேறு எழுதினேன். நடவடிக்கை எடுக்கப்பட்டது. நோட்டீஸ் வந்து ஒட்டிக்கொண்டது, நான் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி வைத்திருந்த அதே இடத்தில்.

சரி, பழைய இரும்புக்கே போகட்டும் என்று முடிவு செய்தேன். 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு வருகிற லோரிக்காரரைக் கேட்டேன். பேப்பர், பேட்டரி, குளிர்பெட்டி எல்லாம் எடுப்பாராம். காடி எடுக்க மாட்டாராம். மெங்லெம்பு பக்கம் ஒரு தவுக்கேயிடம் அனுப்பினார். தவுக்கே வந்தார், சாகாவைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார், கிலோ கணக்கில் ஒரு விலை சொன்னார். விலை கேட்டதும் அப்பாவின் ஈ.பி.எஃப். என் கண்முன் வந்து போயிற்று. "சரி" என்றேன். "கிராண்ட்?" என்றார். கொடுத்தேன். பெயரைப் படித்தார். "இந்த ஆள் எங்கே?" என்று கேட்டார். விரலால் மேலே காட்டினேன். தவுக்கே கிராண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கு அனுதாபம் சொல்லிவிட்டு, லோரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எடுத்துக்கொண்டு போய் வெட்டிவிட்டால் நாளைக்கு யாராவது கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

காடியின் பதிவை ரத்து செய்ய உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். உரிமையாளர் இல்லையென்றால் அவருடைய சொத்தை நிர்வகிக்க அதிகாரம் பெற்றவர் போட வேண்டும். அந்த அதிகாரத்தை அமானா ராயாவோ, சிறு சொத்துகளைப் பார்க்கும் நில அலுவலகமோ, நீதிமன்றமோ தர வேண்டும். அதற்கு வாரிசுகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். அப்பா விட்டுப்போனது ஒரு கைக்கடிகாரம், ஒரு ஹோண்டா கப்சாய், இந்த சாகா. கடிகாரத்தை மருமகன் கட்டிக்கொண்டார். கப்சாயை யார் கொண்டுபோனார் என்று நான் சொன்னால் குடும்பத்தில் சண்டை வரும். சாகாவை மட்டும் யாரும் கேட்கவில்லை, கையெழுத்து தேவை என்று தெரிகிறவரை.

தெரிந்ததும் அக்கா கம்பாரிலிருந்து குரல்செய்தி அனுப்பினாள். பாதி பேச்சு, பாதி அழுகை. "அப்பா ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதான்டா. அதையும் வெட்டிப் போடுவியா?" ஞாபகத்தைக் கொஞ்ச நாள் உன் வாசலில் நிறுத்தேன் அக்கா என்றேன். அவள் பெண்ணோடு கொண்டோவில் இருக்கிறாள். வீட்டுக்கு ஒரு நிறுத்துமிடம்தான். அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2013-இல் வந்த பிறகு அங்கே நிர்வாகக் குழுவே ஆள் வைத்து இழுத்துப் போய்விடுமாம். அழுகை நின்றது. கையெழுத்து வந்தது.

தம்பி கிள்ளானில் இருக்கிறான். அவன் அழவில்லை. "அண்ணே, இப்போ பழைய சாகாவுக்கு எவ்வளவு மவுசு தெரியுமா? நான் எடுத்து ரெஸ்டோர் பண்ணப் போறேன்" என்றான். எப்போது என்று கேட்டேன். "நெக்ஸ்ட் மன்த்" என்றான். எதிர்வீட்டு அங்கிள் என்னைப் பார்க்கிற பார்வையின் அர்த்தம் அப்போது முழுதாக விளங்கியது.

இந்த நெருக்கடியில்கூட நான் ஒரு கடைசி முயற்சி செய்தேன். மனைவியை ஞாயிற்றுக்கிழமை பத்து காஜா பக்கம் அழைத்துப் போனேன். முதலில் கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துத் துரை நம் ஆட்களை வைத்துக் கட்டத் தொடங்கியது. 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்ததும் அரைகுறையாக நின்றுவிட்டது. பக்கத்து மாரியம்மன் கோவில் கோபுரத்தில் சாமிகளுக்கு நடுவே துரையும் தொப்பியோடு நிற்கிறார். அங்கிருந்து தஞ்சோங் துவாலாங். ஈயம் தோண்டும் கப்பல். 1938-இல் கட்டியது, 4,500 டன், மூன்று மாடி உயரம், 1982-இல் வேலை நின்றது. நின்ற இடத்திலேயே குளத்தில் கிடந்து துருப்பிடித்து, இப்போது சுற்றுலாத் தலம். டிக்கெட் வாங்கி ஏறினோம். மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தேன்: "பாத்தியா, பேராக்ல எதையும் அவசரப்பட்டு வெட்டக்கூடாது. கொஞ்ச வருஷம் பொறுத்தா பாரம்பரியம் ஆயிடும்."

அவள் கப்பலின் வாளிச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதப் பாக்க வர்றவங்க காசு குடுக்கறாங்க. நம்ம காடியப் பாக்க வந்தது சுகாதார இலாகாப் பொண்ணு ஒண்ணுதான். அவ நம்மகிட்ட வாங்கிட்டுப் போனா."

வாதம் அங்கேயே முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அமானா ராயா பாரங்களை நிரப்பினேன். கிராணி வேலை பார்த்தவனுக்குப் பாரம் நிரப்புவது பெரிய விஷயமில்லை. ஒரே இடம்தான் காலியாக இருக்கிறது. தம்பி தொலைபேசியை எடுப்பதில்லை. ஆனால் ஞாயிறு மலரை விடாமல் வாசிப்பவன் என்று அவன் மனைவி சொல்லியிருக்கிறாள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தம்பி, இதைப் படித்ததும் செய்ய வேண்டியது: ஒன்று, இழுவை லோரியோடு ஈப்போவுக்கு வா, காடியை எடுத்துக்கொள், வாடகையில் பாதி நான் தருகிறேன். இல்லையென்றால் இணைத்திருக்கும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுப் போஸ்ட்டில் அனுப்பு, தபால்தலை ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் ஒட்டிய கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது. கப்சாயைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.